என் கையில் பச்சைப் பட்டை இருந்தது

போன மாதம் நிஷா போன் பண்ணினாள். நான் ஓய்வு பெற்றபோது என் இடத்துக்கு வந்த பெண் அவள். மலேசியாவில் ஜொகூர் பாரு பக்கம் இருக்கும் தெப்ராவில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் முதலுதவிக் குழுவுக்கு இப்போது அவள்தான் தலைவி. கேண்டீன் சுவரில் ஏ.இ.டி. பெட்டி மாட்டியிருக்கிறார்களாம். மாரடைத்து விழுந்தவரின் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுத்து துடிப்பைச் சரிசெய்யும் பெட்டி. பூட்டு கிடையாது, யார் வேண்டுமானாலும் திறக்கலாம், திறந்தால் அதுவே பேசி வழி சொல்லும் என்றாள்.

"அக்கா, நீங்கதான் வந்து தெறந்து வைக்கணும். அப்படியே ஒரு பத்து நிமிசம் பேசுங்க. அந்த மீன் உருண்டை கதைய சொன்னா போதும் லா. புது புள்ளைங்க விழுந்து விழுந்து சிரிக்கும்."

சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு அரை மணி நேரம் அடுப்படியில் சும்மா நின்றேன். யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்று அவள் சொன்னதுதான் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. எங்கள் காலத்தில் யார் வேண்டுமானாலும் எதையும் தொட முடியாது.

நான் பிலோமினா. யோங் பெங் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பள்ளிக்கூடம் முடித்த கையோடு தெப்ராவுக்கு வந்து, காருக்குள் போகும் ஒயர்க் கற்றைகளைக் கட்டும் தொழிற்சாலையில் சேர்ந்தேன். அங்கேயே தலை நரைத்தது. முதலுதவிக் குழுவில் சேர்ந்தது எந்த நல்லெண்ணத்தாலும் இல்லை. ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். என் சூப்பர்வைசர், "பிலோவ அனுப்பு, அவ கத்துனா ஜொகூர் பாரு வரைக்கும் கேக்கும்" என்று பேரைக் கொடுத்துவிட்டார். இரண்டு நாள் பயிற்சி, ஒரு ரப்பர் பொம்மை, ஒரு சான்றிதழ். அவ்வளவுதான்.

உண்மையில் என்னைப் பழக்கியவர் என்சிக் ஹலீம், அதாவது ஹலீம் ஐயா. பாதுகாப்பு அதிகாரி. முன்னாள் ராணுவ மருத்துவப் பிரிவு. அவர் சட்டையில் இஸ்திரி மடிப்பு கலைந்து யாரும் பார்த்ததில்லை. குரலை உயர்த்த மாட்டார். யாராவது காயப்பட்டால், எல்லாம் முடிந்த பிறகு, எங்களைத் தனித்தனியாக உட்கார வைத்து மலாயில் ஒரே கேள்வி கேட்பார்: "என்ன பார்த்தீங்க?" என்ன நினைத்தீர்கள் என்றோ என்ன செய்தீர்கள் என்றோ கேட்க மாட்டார். "ரொம்ப ரத்தம் என்சிக்" என்றால் போதாது. எந்த இடம், பீய்ச்சியதா வழிந்ததா, துணி நனைய எவ்வளவு நேரம். சொல்லி முடிப்பதற்குள் உயிர் போய்விடும். மனிதனா இவர் என்று நானே வெளியில் வந்து திட்டியிருக்கிறேன்.

எங்கள் கம்பெனியில் ஒரு சட்டம் இருந்தது. நான் சேர்வதற்கு முன்பு, ஏணியிலிருந்து விழுந்த ஒருவரை நாலு பேர் ஆளுக்கொரு கையாகத் தூக்கி அவர் முதுகெலும்பைக் கெடுத்துவிட்டார்களாம். அதிலிருந்து முதலுதவிக் குழுவுக்குக் கையில் கட்டிக்கொள்ளப் பச்சைத் துணிப் பட்டை. பட்டை இல்லாதவர் அடிபட்டவரைத் தொடக் கூடாது. "தொடாதே, கூப்பிடு" என்று மூன்று மொழியில் சுவரெல்லாம் பலகை. பட்டையைக் கட்டாமல் நாங்களே தொட்டால்கூடக் கேள்வி வரும். ஓடி வந்து முதலில் பட்டையைக் கட்டு, பிறகுதான் முழங்கால் போடு. அந்தப் பட்டையைக் கட்டியதும் எனக்கு ஒரு மிடுக்கு வரும். பொய் சொல்ல மாட்டேன், அது எனக்குப் பிடித்திருந்தது.

இப்போது மீன் உருண்டை. மதியச் சாப்பாட்டு நேரம். உற்பத்தி மேலாளர் மிஸ்டர் டான் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், சட்டென்று எழுந்து கழிவறைப் பக்கம் நடந்தார். இருமவில்லை, சத்தமில்லை, ஒரு கை மட்டும் கழுத்தில். தொண்டையில் சிக்கிக்கொண்டவர்கள் இப்படித்தான் செய்வார்கள், நாலு பேர் பார்க்க அசிங்கப்பட வேண்டாம் என்று தனியாக ஒதுங்கிப் போய்ச் சாவார்கள். ஹலீம் இதைச் சொல்லிச் சொல்லி எங்கள் காது புளித்திருந்தது. நான் ஆண்கள் கழிவறைக்குள் பாய்ந்தேன். உள்ளே நின்ற இரண்டு பேர் அலறிக்கொண்டு ஓடினார்கள். "பேச முடியுதா?" என்றேன். தலையை மட்டும் ஆட்டினார். உதடு நீலம். குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து அடி. வரவில்லை. பின்னால் நின்று தொப்புளுக்குச் சற்று மேலே கையை முட்டியாக்கி, மறு கையால் அதைப் பிடித்து, உள்ளேயும் மேலேயுமாக ஒரு குத்து. இரண்டு. மூன்றாவதில் முழு மீன் உருண்டை பறந்து போய்க் கண்ணாடியில் பட்டது. மேலாளர் மூச்சு வாங்கிய பிறகு சொன்ன முதல் வார்த்தை, "இது லேடீஸ் டாய்லெட்டா?"

சிரிக்காதவர்கள் இல்லை. ஹலீம் மட்டும் சிரிக்காமல் அவரை கிளினிக்குக்கு அனுப்பினார், வயிற்றில் அப்படிக் குத்தினால் உள்காயம் இருக்கலாம் என்று. பிறகு என்னை உட்கார வைத்தார். என்ன பார்த்தீங்க? வரிசையாகச் சொன்னேன். "நல்லா பார்த்திருக்கீங்க, கக் பிலோ" என்றார். என்னைவிட மூத்தவர்தான், ஆனாலும் மரியாதைக்காக கக், அக்கா, என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு எனக்குத் தலை கனத்தது. அதற்குப் பிறகு நான் சொன்னால் கேண்டீனில் மறு பேச்சு கிடையாது. கைராசிக்காரி என்று வேறு பேர் வந்துவிட்டது. இவ்வளவுதான் நிஷா கேட்ட கதை. இதற்கு மேல் நான் யாரிடமும் சொன்னதில்லை.

மிஸ்டர் டான் பிழைத்து ஓராண்டு இருக்கும். காலை பத்து மணித் தேநீர் வேளை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் குமரேசன் என் மேசைக்கு வந்தான். நாற்பத்தெட்டு வயசு, வாய் ஓயாதவன், என்னை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவான்.

"டாக்டரம்மா, நெஞ்சுல காத்து அடைச்சிருக்கு. ஒரு மாதிரி இறுக்குது."

"நேத்து ராத்திரி என்ன வெட்டுன?"

"மட்டன்தான்."

"பின்ன காத்து அடைக்காம? போய் சுடுதண்ணி குடி. டீ முடிச்சிட்டு வந்து பிரஷர் பாக்கறேன்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஆனால் நெற்றியெல்லாம் வியர்வை. குளிரூட்டி ஓடும் கேண்டீனில் வியர்வை! என் கண் முன்னால் இருந்தது, பார்த்தேன், பார்க்கவில்லை.

சுடுநீர்க் குழாய்ப் பக்கம் போனவன் விழுந்த சத்தம்தான் கேட்டது. முதலுதவிப் பை என் பிரிவில் இருந்தது. எடுத்து வர ஓடினேன், வரும் வழியில் பட்டையைப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டேன். திரும்பி வந்தபோது குமரேசன் மல்லாந்து கிடக்கிறான். எங்கள் ஜாகா, வாசல் காவலுக்கு நிற்கும் நேபாளக்காரன், அவன் பக்கத்தில் முழங்கால் போட்டு, கையின் மேல் கையை வைத்து, நெஞ்சின் நடுவில் அமுக்கிக்கொண்டிருக்கிறான். வேகமாக, ஆழமாக. யாரோ ஆம்புலன்ஸுக்கு 999 கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் குமரேசன் வாயைத் திறந்து, குறட்டை மாதிரி, கொர்ர்ரென்று ஒரு மூச்சு இழுத்தான்.

"ஏய்! மூச்சு விடறான்! உயிரோட இருக்கற ஆள போய் அமுக்கறியா?" என்று கத்தினேன். ஜொகூர் பாரு வரைக்கும் கேட்டிருக்கும். ஜாகாவின் தோளைப் பிடித்துத் தள்ளினேன். தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"கக், இது மூச்சு இல்ல," என்றான் அவனுடைய உடைந்த மலாயில். "இது மூச்சு இல்ல, கக்."

"உனக்குப் பட்டை இருக்கா? தொடாத! தள்ளிப் போ!"

போனான். சுவரோரம் போய் நின்றான். குமரேசனை நான் பக்கவாட்டில் திருப்பினேன், மேல் காலை மடக்கினேன், தலையைச் சாய்த்து வாயைத் திறந்து வைத்தேன். மூச்சு உள்ளவருக்குச் செய்ய வேண்டியதைப் புத்தகத்தில் படம் போட்டிருப்பது போலவே செய்தேன். மறுபடி ஒரு கொர். "சாபார், பொறுமை, எல்லாம் தள்ளி நில்லுங்க, நல்லா மூச்சு வருது" என்று கூட்டத்துக்குத் தைரியம் சொன்னேன். அவன் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். அடுத்த இழுப்பு வர நேரமாயிற்று. அதற்கடுத்தது இன்னும் நேரமாயிற்று. பிறகு வரவே இல்லை. அப்போதுதான் நெஞ்சை அமுக்க ஆரம்பித்தேன். முப்பது அமுக்கல், இரண்டு ஊதல், ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தபோது ஜாகா அதே சுவரோரம் நின்றான். ஒரு உள்ளங்கை மேல் மறு உள்ளங்கையை வைத்தபடி, காற்றில், அப்படியே.

குமரேசன் மருத்துவமனைக்குப் போய்ச் சேரவில்லை.

மறுநாள் ஹலீம் என்னை உட்கார வைத்தார். "என்ன பார்த்தீங்க?"

"மூச்சு விட்டார் என்சிக்."

"எப்படி?"

அழுது அழுது எனக்குத் தலை வெடித்துக்கொண்டிருந்தது. "மூச்சுன்னா மூச்சுதான் என்சிக்! எப்படின்னா என்ன?" என்று கத்திவிட்டேன். பேனாவைக் காகிதத்துக்கு மேலே கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். பிறகு எழுதினார்: மூச்சு இருந்தது.

அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. மூச்சு இருந்த ஆளின் நெஞ்சைப் பட்டை இல்லாத ஜாகா அமுக்கியிருக்கிறான். அவனை வேலைக்கு அனுப்பிய ஏஜென்சிக்கு நிர்வாகத்திலிருந்து அவன் மேல் புகார்க் கடிதம் போனது. நேரில் பார்த்த சாட்சி நான். இழப்பீட்டுப் படிவம், விபத்துப் படிவம் என்று ஒரு கட்டுக் காகிதத்தோடு அந்தக் கடிதமும் என் கையெழுத்துக்கு வந்திருந்தது. விரல் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். அந்த வாரமே வாசலில் வேறு ஜாகா நின்றான். துக்க வீட்டில், நேபாளக்காரன் நெஞ்சை அமுக்கிக் கொன்னுட்டான் என்று பேசினார்கள். நான் மறுக்கவில்லை. நானும் அப்படித்தான் நம்பினேன்.

குமரேசனின் மனைவி லெட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியில உங்க மடியிலயாவது கெடந்தாரேக்கா" என்று அழுதாள். அந்தத் தீபாவளியிலிருந்து வருஷா வருஷம் எனக்கு ஒரு டின் முறுக்கு கொடுத்து அனுப்புவாள். நாங்கள் கிறிஸ்தவர்கள் என்றாலும் அது தவறாமல் வரும்.

சான்றிதழின் காலம் முடிந்ததும் மறுபயிற்சிக்கு ஜொகூர் பாருவுக்கு அனுப்பினார்கள். என் மகள் வயசில் ஒரு பயிற்சியாளர். திரையில் ஒரு படம் ஓட்டினாள். பந்து விளையாடிக்கொண்டிருந்த ஆள் விழுகிறான். கிட்டத்தில் காட்டுகிறார்கள். வாயைத் திறந்து கொர்ர்ரென்று ஒரு இழுப்பு. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி ஒரு இழுப்பு.

"இவருக்கு மூச்சு இருக்கா?" என்று கேட்டாள்.

இருக்கு என்றோம். என் குரல்தான் பெரிசு.

"இல்ல. இதயம் நின்னாச்சு. மூளை கடைசியா இழுத்துப் பாக்குது, அவ்வளவுதான். இது மூச்சு இல்ல. ஆள் அசையல, கூப்பிட்டா பதில் இல்ல, பத்து செகண்டுக்குள்ள ஒழுங்கான மூச்சு தெரியலன்னா உடனே நெஞ்ச அமுக்கணும். பாக்கறவங்க நெறைய பேர் இத மூச்சுன்னு நெனச்சு கைய எடுத்துடறாங்க."

மாதாவே! இது மூச்சு இல்ல, கக். அதே வார்த்தை. "மறுபடி போடும்மா" என்றேன். போட்டாள். "இன்னொரு தடவை." மூன்றாவது தடவை முடிவதற்குள் எழுந்து ஓடிக் கழிவறையில் வாந்தி எடுத்தேன். எத்தனை தரம் பொம்மையின் நெஞ்சை அமுக்கியிருப்பேன். முன்பும் யாராவது ஒரு வரி சொல்லித்தான் இருப்பார்கள். ஆனால் பொம்மை கொர் என்று இழுக்காதே! நான் அதை ஒரு உயிருள்ள மனிதனிடம் முதலும் கடைசியுமாகக் கேட்டேன், கேட்டுவிட்டு நல்ல மூச்சு என்று ஊருக்கே சொன்னேன்.

மறுநாள் ஹலீமின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். நான் பேசும் முன்பே என் முகத்தைப் பார்த்தார். காகிதம் எடுக்கவில்லை. "என்ன பார்த்தீங்க, கக்?"

இந்தத் தடவை சொன்னேன். குறட்டைச் சத்தம். தாடை மட்டும் அசைந்தது, நெஞ்சு அசையவில்லை. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவில் நான் இரண்டு தரம் கூட்டத்தை அதட்டும் அளவுக்கு இடைவெளி. ஜாகா என்ன சொன்னான். நான் என்ன செய்தேன்.

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நான் எப்படின்னு ஒரு தடவைதான் கேட்டேன். நீங்க அழுதீங்க, விட்டுட்டேன். மூணு தடவை கேட்டிருக்கணும்."

அந்த வாரம் அவரே ஸ்குரூ டிரைவர் எடுத்து வந்து "தொடாதே" பலகைகளைக் கழற்றினார். ஒவ்வொரு ஷிப்டுக்கும் தேநீர் வேளையில், இஸ்திரி மடிப்புக் கலையாத அந்த மனிதர், கேண்டீன் தரையில் மல்லாந்து படுத்து வாயைத் திறந்து கொர்ர்ரென்று இழுத்துக் காட்டினார். முதலில் சிலர் சிரித்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் அமைதியாகும் வரை படுத்தே இழுத்துக்கொண்டிருந்தார். பிறகு படுத்தபடியே சொன்னார், "இதைப் பார்த்தா அமுக்குங்க. பட்டை வேண்டாம். யாரா இருந்தாலும் அமுக்குங்க." நான் ஓரமாக நின்றிருந்தேன். அந்தச் சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை.

ஜாகாவைப் பற்றி விசாரித்தார். ஊருக்குப் போய்விட்டான் என்று அவன் ஏஜென்சியில் சொல்லிவிட்டார்கள். "அவன் மேல போன கடிதத்துக்கு நான் மறுப்பு எழுதி ஃபைல்ல வைக்கறேன். ஆனா குமரேசன் வீட்டுக்கு நீங்கதான் சொல்லணும், கக். வேணும்னா நானும் வர்றேன்" என்றார்.

நான் போகவில்லை. வெட்கம் இல்லாமல் எழுதுகிறேன், பயம். கோயிலில் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அவரும், "ஆண்டவர்கிட்ட சொன்னது சரிம்மா, அந்த வீட்ல சொன்னியா?" என்றுதான் கேட்டார். அடுத்த தீபாவளி முறுக்கு டின் வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். அதற்கடுத்த வருஷமும் கொடுத்தேன். ஹலீம் ஓய்வு பெற்றார், நானும் ஓய்வு பெற்றேன். பயிற்சி வகுப்புகளில் இந்த விஷயத்தைச் சொல்லும்போதெல்லாம் "ஒரு கம்பெனியில ஒரு பொம்பள" என்று யாரோ போலச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

இப்போது நிஷா கூப்பிட்டுவிட்டாள். அந்தச் சுவரில்தான், அந்த ஜாகா கை மேல் கையை வைத்துக்கொண்டு நின்ற சுவரில்தான், பெட்டியை மாட்டியிருக்கிறார்கள். அதன் முன்னால் நின்று மீன் உருண்டை பேச எனக்கு வாய் வராது. உண்மையைப் பேசினால் சாயங்காலத்துக்குள் லெட்சுமி காதுக்குப் போய்விடும். அடுத்தவர் வாயால் அவள் கேட்கக் கூடாது. போன ஞாயிறு பூசை முடிந்ததும் நேராக அவள் வீட்டுக்குப் போனேன்.

மைலோ கலக்கிக் கொடுத்தாள். குடிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். மட்டன் என்று கேலி பண்ணியது முதல் தோளைப் பிடித்துத் தள்ளியது வரை. "அவன் அமுக்கினது சரி, லெட்சுமி. கைய எடுக்க வச்சது நான். அவன விட்டிருந்தா குமரேசன் கண்டிப்பா பொழைச்சிருப்பார்னு சொல்ல முடியாது. ஆனா அந்த ஒரு வழிதான் இருந்தது. அத நான் அடைச்சிட்டேன்."

அவள் திட்டுவாள், அடிப்பாள், வெளியே போ என்பாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் போயிருந்தேன். அவள் எழுந்து போய் குமரேசன் படத்துக்கு முன்னால் எனக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"அவன் இங்க வந்தான்கா," என்றாள்.

"யாரு?"

"அந்த ஜாகா. பதினாறாம் நாள் காரியத்தன்னைக்கி. கேட்டுக்கு வெளியில கையக் கட்டிக்கிட்டு நின்னான். எந்தம்பி கன்னத்துல அறைஞ்சான். திருப்பி ஒரு வார்த்த பேசல. அழுதுக்கிட்டே போனான். செஞ்ச பாவத்துக்கு அழறான்னு நெனச்சேன். நான் வேற மண்ண வாரித் தூத்தினேன்கா அவன் மேல."

இது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

"இத்தன வருசம் வெளக்கேத்தறப்ப எல்லாம் அவன சபிச்சிருக்கேன்." திரும்பினாள். கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை. "அவன் பேரு என்னக்கா?"

"பகதூர்..." என்று ஆரம்பித்து நிறுத்தினேன். எங்கள் கம்பெனிக்கு வந்த எல்லா நேபாள ஜாகாவையும் நாங்கள் பகதூர் என்றுதான் கூப்பிட்டோம். அவனுக்கு முன்னால் இருந்தவனும் பகதூர், அவன் போன பிறகு வந்தவனும் பகதூர்.

"உங்க கேட்ல எத்தன வருசம் நின்னான்?"

"நாலு."

"நாலு வருசம் காலையில அவன் மூஞ்சியிலதான முழிச்சிருப்பீங்க. பேரு தெரியாதா?"

தெரியாது. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவன் மேல் போன கடிதத்தில் முழுப் பேரும் இருக்கும், அதற்குக் கீழே சாட்சி என்று போட்ட இடத்தில் என் கையெழுத்து இருக்கும். நான் அதைப் படிக்காமலே போட்டேன்.